ரப்பர் விஞ்ஞானியும் இரும்புக்கை மாயாவியும்

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்துல ஐம்பது வயசைத் தாண்டின யாரையாவது நிறுத்தி, "அண்ணாச்சி, இரும்புக்கை மாயாவி தெரியுமா?"ன்னு கேட்டுப் பாருங்க. முக்காவாசிப் பேருக்கு முகமே மாறிடும். கதை, அட்டைப்படம், யார்கிட்ட இரவல் வாங்கிப் படிச்சாங்கங்கிறது வரைக்கும் கொட்டித் தீர்த்துடுவாங்க. அடுத்து அதே ஆளுகிட்ட, "ரீட் ரிச்சர்ட்ஸ் தெரியுமா?"ன்னு கேளுங்க. "எந்த ஊர்க்காரரு? ஸ்கூல் வாத்தியாரா?"ன்னு திருப்பிக் கேப்பாங்க :-)

இத்தனைக்கும் ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒரே வயசுக்காரங்க. ரீட் ரிச்சர்ட்ஸ் அமெரிக்காவுல 1961ல பிறந்தவர். மாயாவி இங்கிலாந்துல 1962ல. ரெண்டு பேரையும் உருவாக்கினது விஞ்ஞானத்தால வந்த விபத்துதான். ஒருத்தருக்கு உடம்பு ரப்பர் மாதிரி நீளும், இன்னொருத்தருக்கு உடம்பே மறைஞ்சு போகும். அப்புறம் எப்படி ஒருத்தர் மட்டும் நம்ம ஊர்ப் பெட்டிக்கடை வரைக்கும் வந்தார், இன்னொருத்தர் வரல? வராததால நாம எதையாவது தவற விட்டோமா? இந்தப் பதிவு அதைப் பத்திதான். கொஞ்சம் நீளமாதான் போகும், ரீட் ரிச்சர்ட்ஸ் பத்தின பதிவு வேற எப்படி இருக்கும்? (சரி சரி, அடிக்க வராதீங்க.)

நீளுற மனுஷங்க பரம்பரை

காமிக்ஸ்ல உடம்பு நீளுற முதல் பெரிய ஹீரோ ரீட் இல்லைங்க. 1941 ஆகஸ்ட் தேதி போட்டு வந்த 'போலீஸ் காமிக்ஸ்' முதல் இதழ்ல ஜாக் கோல்ங்கிற ஓவியர் 'பிளாஸ்டிக் மேன்'னு ஒருத்தரைக் கொண்டு வந்தார். அவர் ஆதியில ஒரு திருடன். ரசாயனத் தொழிற்சாலையில கொள்ளையடிக்கப் போன இடத்துல அமிலம் மேல கொட்டுது, கூட வந்தவங்க விட்டுட்டு ஓடிடுறாங்க. உடம்பு ரப்பராகுது, மனுஷன் திருந்தி போலீஸ் பக்கம் வந்துடுறான். முழுக்க முழுக்கக் காமெடிதான்.

அடுத்தவர் 1960ல வந்த 'எலாங்கேட்டட் மேன்'. இவர் 'ஜின்கோ'ங்கிற ஒரு கற்பனைப் பழத்தோட சாறைக் குடிச்சு நீளுற துப்பறிவாளர். புகழ் மேல கொஞ்சம் ஆசை. முகமூடியெல்லாம் போட்டு மறைக்காம, நான்தான் அதுன்னு ஊருக்கே சொன்னவர்.

மூணாவதா வந்தவர்தான் நம்ம ஆளு. 1961 நவம்பர் தேதியிட்ட 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' முதல் இதழ். எழுதினது ஸ்டான் லீ, வரைஞ்சது ஜாக் கிர்பி. முதல் ஆள் திருடன், ரெண்டாவது ஆள் துப்பறிவாளர், மூணாவது ஆள் விஞ்ஞானி. அதுவும் ஆய்வுக்கூடத்து மூலையில கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிற விஞ்ஞானி இல்ல, நாலு பேர் கொண்ட ஒரு டீமுக்குத் தலைவர். இந்த ஒரு மாற்றத்துலதான் கதையோட மொத்தக் கனமும் இருக்கு.

டெஸ்டிங் பண்ணாம கிளம்பின ராக்கெட்

1961ங்கிற வருஷத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கணும். ஏப்ரல் 12ம் தேதி யூரி ககாரின் விண்வெளிக்குப் போயிட்டு வந்துட்டார். அமெரிக்காவோட ஆலன் ஷெப்பர்ட் மே 5ம் தேதிதான் போறார், அதுவும் பூமியைச் சுத்தாம சும்மா மேல போயிட்டுக் கீழ வந்தார். ரஷ்யாகிட்ட தோத்துட்டோம்ங்கிற எரிச்சல் அமெரிக்கா பூரா இருந்த நேரம். இன்னொரு பக்கம், 1958லதான் எக்ஸ்ப்ளோரர் செயற்கைக்கோள் அனுப்பின தகவலை வச்சு, பூமியைச் சுத்திக் கதிர்வீச்சுப் பட்டைகள் இருக்குன்னு வான் ஆலன் கண்டுபிடிச்சிருந்தார். மேல போற மனுஷன் உடம்புக்கு என்ன ஆகும்ங்கிற பயம் நிஜமான பயம்.

ஸ்டான் லீயும் கிர்பியும் இது ரெண்டையும் எடுத்து அப்படியே கதையில வச்சாங்க. ரீட் ஒரு ராக்கெட் கட்டியிருக்கார். ஓட்ட வேண்டியவர் அவரோட நண்பர், பைலட் பென் கிரிம். "காஸ்மிக் கதிர்கள் பத்தி நாம இன்னும் சரியா ஆராய்ச்சி பண்ணல, வேணாம்"னு அந்தப் பென் முதல்லயே சொல்றார். ரீட் கட்டிக்கப் போற சூ, கம்யூனிஸ்டுகள் முந்திடுவாங்கன்னு அவசரப்படுத்துறா, பென்னுக்குப் பயம்ங்கிற மாதிரி குத்திக் காட்டுறா. ரோஷப்பட்டு அவரும் சம்மதிக்கிறார். சூவோட தம்பி ஜானியையும் கூட்டிக்கிட்டு, அனுமதியே இல்லாம ராத்திரியோட ராத்திரியா ஏவுதளத்துக்குள்ள நுழைஞ்சு கிளம்பிடுறாங்க.

நம்ம ஐடி பாஷையில சொல்லணும்னா, டெஸ்டிங்ல இருக்கிறவர் "இது ரெடி இல்ல"ன்னு மெயில் போட்டும், போட்டிக் கம்பெனி முந்திடும்னு நேரா ப்ரொடக்ஷன்ல ஏத்தின கேஸ் இது. நம்மில் யாருக்கு இந்தக் கதை புதுசு, சொல்லுங்க?

பலன்? கதிர்வீச்சு கேபினைத் துளைக்குது. ராக்கெட் விழுது. ரீட் உடம்பு நீளுது, சூ மறையுறா, ஜானி நெருப்பாகுறான். வேணாம்னு சொன்ன பென் கிரிம்? அவர் மட்டும் பாறை மாதிரி ஒரு உருவமா மாறிடுறார். மத்த மூணு பேரும் நினைச்சா சாதாரண மனுஷங்களா இருக்க முடியும். பென்னால தெருவுல இறங்கி நடக்க முடியாது.

இந்த விபத்துக்கு அப்புறம் ரீட் தனக்கு வச்சுக்கிட்ட பேர் 'மிஸ்டர் ஃபென்டாஸ்டிக்'. (அடக்கமான மனுஷன்!) ஆனா அறுபது வருஷத்துக்கு மேல ஓடிக்கிட்டிருக்கிற கதையில திரும்பத் திரும்ப வர்ற விஷயம், பென்னைப் பழையபடி மனுஷனாக்க அவர் எடுக்கிற முயற்சிகள்தான். ஒவ்வொரு தடவையும் மருந்து கண்டுபிடிப்பார், பென் கொஞ்ச நேரம் மனுஷனாவார், அப்புறம் மறுபடியும் பாறை. உலகத்தைக் காப்பாத்துறது பார்ட் டைம் வேலை. செஞ்ச காரியத்துக்குப் பதில் சொல்றதுதான் அவருக்கு ஃபுல் டைம் வேலை.

குற்றாலத்துல ஒரு பழைய கதை

இந்த இடத்துல எனக்கு நம்ம குற்றாலநாதர் கோயில் தலபுராணம் ஞாபகம் வருது. ஊர்ப்பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன்.

குற்றாலம் கோயில் ஆதியில பெருமாள் கோயிலாம். சிவபக்தரான அகத்தியரை உள்ள விடல. அவர் பக்கத்துல இலஞ்சிக்குப் போய் முருகன்கிட்ட யோசனை கேட்டு, வைணவர் வேஷத்துல திரும்பி வந்து உள்ள நுழையுறார். நின்ன கோலத்துல இருந்த பெருமாளோட தலையில கையை வச்சு, "குறுகுக"ன்னு சொல்லி அழுத்துறார். நெடுசா நின்ன மூர்த்தி குறுகிக் குறுகி லிங்கமாயிடுது. இப்படி ஒரு உருவம் நீண்டு குறுகுற கதை, அமெரிக்காவுல காமிக்ஸ் வர்றதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே நம்ம மலையடிவாரத்துல சொல்லப்பட்டிருக்கு. சொல்லப்போனா அகத்தியர் நம்ம மரபுல வெறும் முனிவர் மட்டும் இல்ல. தமிழ் இலக்கணம், சித்த மருத்துவம் ரெண்டுக்கும் மூலவர்னு சொல்லப்படுறவர். அந்தக் காலத்துக்கு அவர்தான் விஞ்ஞானி.

ஆனா எனக்குப் பிடிச்சது இந்தக் கதையோட கடைசிப் பகுதிதான். அகத்தியர் அழுத்தினதுல லிங்கத்து மேல அவரோட அஞ்சு விரலும் பதிஞ்சு போச்சு, அதனால சுவாமிக்குத் தலைவலி, அந்த வலி தீர மூலிகைத் தைலம் காய்ச்சிச் சாத்துறாங்கன்னு ஊர்ல சொல்வாங்க. இதைக் கட்டினவங்களுக்கு ஒரு விஷயம் தெளிவாத் தெரிஞ்சிருக்கு. சக்தியைக் காட்டினது ஒருத்தர், வலியைத் தாங்குறது இன்னொருத்தர். அந்த வலிக்கு மருந்து போடுற வேலை ஒரு நாளோட முடியுறதில்ல. பென் கிரிம் கதையும் இதேதான்.

சிவகாசி வழியா வந்தவர்

சரி, அப்படிப்பட்ட ரீட் ஏன் நம்ம ஊருக்கு வரல?

தென்காசியில ரயில் ஏறினா கடையநல்லூர், சங்கரன்கோவில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினதும் சிவகாசி. அந்த ஊரோட கதை 1922ல ஆரம்பிக்குது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டி வந்தா லேபிள் வேணும். பட்டாசு வந்தா அதுக்கும் லேபிள் வேணும். லேபிள் அடிக்க அச்சகங்கள் வந்துச்சு, அப்புறம் காலண்டர், அப்புறம் புத்தகம். மழை குறைச்சலான அந்தக் கரிசல் பூமியில அச்சுத் தொழில் வேரூன்றினது இப்படித்தான்.

அந்தச் சிவகாசியில இருந்து 1972 ஜனவரியில எம். சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' ஆரம்பிக்கிறார். ஆரம்ப கால ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் இதழோட பேரே 'இரும்புக்கை மாயாவி'. அப்புறம் 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்', 'உறைபனி மர்மம்'னு வரிசையா மாயாவி கதைகள். கூடவே 'மஞ்சள் பூ மர்மம்' மாதிரி லாரன்ஸ் - டேவிட் கதைகள், ஜானி நீரோ - ஸ்டெல்லா கதைகள்.

முத்து காமிக்ஸோட இந்த ஆரம்ப ஹீரோக்கள் இங்கிலாந்துக்காரங்க. மாயாவியோட நிஜப் பேர் 'தி ஸ்டீல் க்ளா'. லண்டன்ல ஃப்ளீட்வே கம்பெனி 1962 அக்டோபர்ல ஆரம்பிச்ச 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையில தொடரா வந்தவர். ஆரம்பத்துல எழுதினது கென் புல்மர், பின்னாடி டாம் டல்லி. வரைஞ்சது ஸ்பெயின்காரர் ஜீஸஸ் பிளாஸ்கோ. அந்த நிழலும் வெளிச்சமும் கலந்த கறுப்பு வெள்ளைப் படங்களை ஒரு தடவை பாத்தவங்க மறக்க மாட்டாங்க. 1967ல ஃப்ளீட்வே இதே மாயாவியையும், ஜானி நீரோவையும் வச்சுக் கையடக்க சைஸ்ல 'சூப்பர் லைப்ரரி'ன்னு தனித்தனிப் புத்தகமாவே போட்டாங்க. ஒரு புத்தகத்துல ஒரு முழுக்கதை.

இங்கதான் விடை இருக்குன்னு நினைக்கிறேன். அமெரிக்க மார்வெல் புத்தகங்கள் நாலு கலர்ல நெய்யப்பட்டவை. கலரை எடுத்துட்டா பாதி உயிர் போயிடும். அதுலயும் ஒரு மாசத்துக் கதையைப் போன மாசத்துக் கதையோட முடிச்சுப் போட்டிருப்பாங்க. நடுவுல ஒரு இதழ் போச்சுன்னா தலையும் புரியாது, வாலும் புரியாது. இங்கிலாந்துக் கதையோ பிறக்கும்போதே கறுப்பு வெள்ளை. கைக்குள்ள அடங்குற சைஸ். ஒரே புத்தகத்துல ஆரம்பம், முடிவு எல்லாம். சைக்கிள் எடுத்துக்கிட்டு டவுனுக்கு வந்து, கிடைச்சா வாங்கி, கிடைக்கலன்னா அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு போற ஒரு பையனுக்கு எது தோதுன்னு நீங்களே சொல்லுங்க. ரீட் ரிச்சர்ட்ஸைத் தடுத்தது கடலோ பாஷையோ இல்ல, கலர் இங்க்கும் தொடரும் போடுற பழக்கமும்தான்.

எடுபிடியா இருந்த விஞ்ஞானம்

மாயாவியோட கதையைப் பாருங்க. லூயிஸ் கிராண்டேல், புரொஃபசர் பாரிஞ்சரோட உதவியாளர். ஆய்வுக்கூட விபத்துல வலது கை போயிடுது, அதுக்குப் பதிலா இரும்புக்கை மாட்டுறாங்க. அப்புறம் இன்னொரு விபத்து, உயர் அழுத்த மின்சாரம் பாயுது. உடம்பு பூரா மறைஞ்சு, இரும்புக்கை மட்டும் அந்தரத்துல தெரியுது. மறையணும்னா ஒவ்வொரு தடவையும் மின்சாரம் பாய்ச்சிக்கணும். (ப்ளக் பாயின்ட்ல விரல் வைக்கிற ஆசை எத்தனை பேருக்கு வந்துச்சுன்னு பழைய வாசகர்களைக் கேளுங்க. சின்னப் பசங்க இதைப் படிச்சா, தயவு செஞ்சு முயற்சி பண்ணாதீங்க!)

ரீட் தலைவர். கிராண்டேல் உதவியாளர். விபத்துல சிக்கினவர் அவர்தான், அதை நடத்தினவர் இல்ல. சக்தி கிடைச்சதும் முதல்ல என்ன பண்றார்? வங்கியைக் கொள்ளையடிக்கிறார்! அப்புறம் மனசு மாறி, 'ஷேடோ ஸ்க்வாட்'ங்கிற ரகசிய உளவு அமைப்புக்கு வேலை பாக்குற நல்லவர் ஆகுறார். தனி ஆளாவே அலையுறார். அவருக்குன்னு ஒரு குடும்பமும் இல்ல, பதில் சொல்ல வேண்டிய ஒரு பென் கிரிமும் இல்ல.

அடுத்த தலைமுறைக்கு வருவோம். 1984ல சௌந்தரபாண்டியனோட மகன் எஸ். விஜயன் 'லயன் காமிக்ஸ்' ஆரம்பிக்கிறார், அப்போ அவரே டீன் ஏஜ் பையன். அதே 1984ல தினத்தந்தி குழுமத்துல இருந்து ஜேம்ஸ் பாண்டோட 'ராணி காமிக்ஸ்' வருது. லயன்ல வந்து கலக்கினவர் ஸ்பைடர், ரசிகர்கள் செல்லமா வச்ச பேர் கூர்மண்டையர். (சிலந்தி மனிதன் இல்ல, இவர் வேற.) இங்கிலாந்துல 1965ல பிறந்தவர். பின்னாடி இவர் கதைகளை எழுதினது சூப்பர்மேனை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான ஜெரி சீகல்.

நம்ம பசங்களுக்குக் கிடைச்சதுல ரீட் ரிச்சர்ட்ஸ் டீமுக்குக் கிட்டத்துல வர்றது இந்த ஸ்பைடர் கூட்டணிதான். ஸ்பைடர் தலைவர், பூட்டு உடைக்கிற ஆர்டினி, அப்புறம் விஞ்ஞானி பெல்ஹாம். ஆனா இதுல பெல்ஹாமோட நிலைமை என்ன? "அந்தக் கருவியைச் செய்"னா செய்யணும். எதுக்குன்னு கேக்கக் கூடாது. கேட்டா திட்டு விழும். தலைமை ஒரு பக்கம், விஞ்ஞானம் அதுக்குக் கீழ கைகட்டி நிக்குது.

ஆக, தமிழ்ல நாம படிச்ச விஞ்ஞானிங்க மூணு வகை. உலகத்தை அழிக்க நினைக்கிற வில்லன், கடத்தப்படுற அப்பாவிக் கிழவர், இல்லைன்னா பெல்ஹாம் மாதிரி எடுபிடி. முடிவெடுக்கிறவரா, தப்பானா அதைச் சுமக்கிறவரா ஒரு விஞ்ஞானியை அந்தப் புத்தகங்கள் காட்டல. நான் இதை மாயாவி மேல குறையாச் சொல்லலைங்க. படிக்கிற பழக்கத்தையே ஒரு தலைமுறைக்குக் கொடுத்தது அந்தப் புத்தகங்கள். நெப்டியூன்ல இருந்து அமேசான் வரைக்கும் பேர் தெரிஞ்சுகிட்டதே அதுலதான். ஆனா இந்த ஒரு கதை மட்டும் விட்டுப் போச்சு.

மலைக்கு அந்தப் பக்கம்

வேடிக்கை என்னன்னா, காமிக்ஸ்ல விட்டுப் போன கதை நமக்குப் பக்கத்துலயே நிஜமா நடந்துக்கிட்டிருந்துச்சு. செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு கணவாய் வழியா மலையேறி இறங்கினா கேரளா. அங்க திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துல தும்பாங்கிற மீனவ கிராமத்துல, 1963 நவம்பர் 21ம் தேதி இந்திய மண்ணுல இருந்து முதல் ராக்கெட் மேல போச்சு. காந்த நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருந்ததால தேர்ந்தெடுத்த இடம் அது. மாதா கோயில் கட்டடத்துலதான் வேலை நடந்துச்சு. தலைமை விக்ரம் சாராபாய். அவர் கேம்பிரிட்ஜ்ல டாக்டர் பட்டம் வாங்கினது எதுல தெரியுமா? காஸ்மிக் கதிர்கள்ல! ரீட் ரிச்சர்ட்ஸ் படிக்காம விட்ட அதே பாடம் :-)

சாராபாய் 1971 டிசம்பர் 30ம் தேதி கோவளத்துல இறந்தார். அடுத்த சில நாள்ல பிறந்த ஜனவரியிலதான் சிவகாசியில மாயாவி வெளியாகுறார். இது வெறும் தற்செயல்தான், ஆனா தேதிகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கும்போது ஏதோ பண்ணுது.

சாராபாய் கட்டின டீம் 1979 ஆகஸ்ட் 10ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவுல எஸ்எல்வி-3 ராக்கெட்டை ஏவுது. திட்ட இயக்குநர் நம்ம ராமேஸ்வரம் அப்துல் கலாம். ரெண்டாவது கட்டத்தோட கட்டுப்பாட்டு அமைப்பு சொதப்பி, ராக்கெட் வங்கக்கடல்ல விழுது. வருஷக்கணக்குல பாடுபட்டது சில நிமிஷத்துல போச்சு. அன்னைக்குப் பத்திரிகையாளர்கள் முன்னாடி உக்காந்தது கலாம் இல்ல, இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். பழியைத் தான் ஏத்துக்கிட்டு, என் டீம் மேல நம்பிக்கை இருக்குன்னு சொன்னார். 1980 ஜூலை 18ம் தேதி அதே எஸ்எல்வி-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில வச்சது. அப்போ தவான், நீங்க போய்ப் பேசுங்கன்னு கலாமை அனுப்பினார். இதைக் கலாமே பல மேடைகள்ல சொல்லியிருக்கார்.

தவானுக்குக் கை நீளல, உடம்பு ரப்பராகல. ஆனா ஸ்டான் லீயும் கிர்பியும் ரீட் ரிச்சர்ட்ஸ் மூலமா சொல்ல வந்தது இவரைத்தான்னு எனக்குத் தோணுது. டீமுக்குத் தலைமை தாங்குறதுன்னா, விழும்போது அடி யார் மேல விழணும்னு முன்கூட்டியே முடிவு பண்ணி வச்சுக்கிறது. ரீட் விபத்துக்கு அப்புறம்தான் இதைக் கத்துக்கிட்டார். தவானுக்கு முதல்லயே தெரிஞ்சிருந்துச்சு.

இன்னைக்கு நிலைமை மாறிடுச்சு. லயன் - முத்து காமிக்ஸ் கொஞ்ச காலம் தொய்ஞ்சு போய், 2012ல திரும்ப எழுந்து வந்து, இப்போ கலர்லயே ஐரோப்பியக் கதைகள் போடுறாங்க. ரீட் ரிச்சர்ட்ஸ் 2005லயும் 2025லயும் சினிமாவா வந்துட்டார். எங்க செட்டுப் பசங்க அவரை நேரா திரையில பாத்தோம், எங்க அப்பா செட்டு மாயாவியைப் பாத்த மாதிரி. ஆனா திரையில நீளுற கையைப் பாத்துக் கைதட்டிட்டு, பென் கிரிம் ஏன் கண்ணாடி பாக்க மாட்டேங்கிறார்ங்கிறதை மறந்துட்டு வந்துடாதீங்க.

தென்காசிப் பக்கம் இன்ஜினியரிங் படிச்சிட்டு வெளிய போறவங்க இப்போ வீட்டுக்கு ஒருத்தர் இருக்காங்க. டீம் லீட்னு பேர் வாங்கினதும் முதல்ல சம்பளம் எவ்ளோன்னுதான் கேக்குறோம். "வேணாம், இன்னும் டெஸ்ட் பண்ணணும்"னு மீட்டிங்ல மெதுவா சொல்ற அந்த ஒருத்தர் பேச்சைக் கேட்டோமாங்கிறது அதை விடப் பெரிய கேள்வி. ஏன்னா எல்லாம் முடிஞ்சப்புறம் பாறையா மாறி நிக்கப் போறது பெரும்பாலும் அவர்தான்.

உங்க வீட்டுப் பரண்ல பழைய மாயாவி புத்தகம் ஏதாவது இருந்தா, கரையானுக்குக் கொடுக்காம எடுத்து வைங்க. அட்டையைப் பாத்தாவது பெருமூச்சு விட இங்க ஆள் இருக்கு.